நாலு மூட்டைத் தீவனம்

நாலு கிலோ தீவனம் உள்ளே போனால் ஒரு கிலோ முந்நூறு கிராம் கோழி வெளியே வரும் என்று பயிற்சியில் கால்நடை டாக்டரம்மா சொன்னபோதே, மீதி கிட்டத்தட்ட இரண்டே முக்கால் கிலோ எங்கே போகிறது என்று சம்பூர்ணம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள், அவளும் ஆட்டினாள். இப்போது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தன் சொந்தக் கொட்டகையின் மூலையில் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, முந்நூறுக்குப் பதினைந்து குறைந்த நாட்டுக்கோழிகளைப் பார்த்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் எச்சமாகப் போகிறது, அது தெரியும், காலுக்கடியில் கிடக்கிறது. கொஞ்சம் மூச்சாகப் போகுமோ? வெளியே இத்தனை காற்றடிக்கிற நாளிலும் உள்ளே நுழைந்ததும் முகத்தில் ஒரு வெதுவெதுப்பு வந்து படுகிறதே, அந்த வெதுவெதுப்பும் அவள் காசு கொடுத்து வாங்கின மக்காச்சோளம்தானே. அதோ அந்தச் சிவப்புச் சேவல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறது, யாரும் அதைத் துரத்தவில்லை, அதுவும் யாரையும் துரத்தவில்லை, அந்த ஓட்டத்துக்கு எத்தனை கிராம் செலவாகியிருக்கும், ஒரு கூவலுக்கு எத்தனை கிராம், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கழுத்து மயிரைச் சிலிர்க்கிறதே அதற்கு எத்தனை. மகள் கௌதமி கைக்குழந்தையாக இருந்தபோது அங்கன்வாடியில் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள், மாதம் முழுக்க ஊட்டின ராகிக்கூழும் பருப்புச்சோறும் அந்த முள்ளைக் கொஞ்சமும் நகர்த்தியிருக்காது. பிள்ளைக்கு என்னதான் கொடுக்கிறாய் என்று ஆயா கேட்பாள், சம்பூர்ணம் திருடி மாதிரி நிற்பாள். அந்தக் கூழெல்லாம் எங்கே போயிற்று? அந்த மாதம்தான் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது, அந்த மாதம்தான் காக்காயைப் பார்த்துக் கா என்றது. தராசு அதையெல்லாம் காட்டாது. இப்போது அவள் கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிறாள், போனில் மணிக்கணக்காகப் பேசுகிறாள், அதுவும் ஒரு விதத்தில் அந்தக் கூழ்தான்.

ஆனால் இப்போது அவள் தேடுவது அந்த மீதியை அல்ல. அது எல்லாக் கோழிக்கும் உண்டு, டாக்டரம்மாவின் கணக்கிலேயே அடங்கிவிட்டது. அவளுடைய கணக்கில் அதற்கு மேலேயும் நாலு மூட்டை காணவில்லை. நெஞ்சுக்குள் முள் மாதிரி நிற்கிற நாலு மூட்டை. குஞ்சு ஒன்று நாற்பது ரூபாய், தீவனம் நாலு கிலோவுக்கு நூற்று நாற்பத்து நாலு, மருந்து தடுப்பூசி கரண்டு எல்லாம் சேர்ந்து ஒரு பதினாறு, ஆக இருநூறு. விற்றால் இருநூற்று அறுபது. ஒரு கோழிக்கு அறுபது ரூபாய் நிற்கும். இதை எழுதிவைக்க வேண்டிய அவசியமே இல்லை, நார்மில்லில் நின்றுகொண்டு தேங்காய் மட்டையை இயந்திரத்துக்குள் தள்ளும்போதெல்லாம் அந்த இரைச்சலின் தாளத்துக்கே அது ஓடிக்கொண்டிருந்தது, நாற்பது, நூற்று நாற்பத்து நாலு, பதினாறு, இருநூறு. கடைசி வரைக்கும் போதும் என்று ஐம்பது கிலோ மூட்டையாக இருபத்து நாலு இறக்கினாள். இந்த வயசுக்குப் பதினாலு மூட்டை தின்றிருக்க வேண்டும், பத்து மிச்சம் இருக்க வேண்டும். ஆறுதான் இருக்கிறது. காலையில் எண்ணினாள், குளித்துவிட்டு வந்து எண்ணினாள், சாப்பிட்டுவிட்டு வந்து அடுக்கைக் கலைத்துப் போட்டு எண்ணினாள், சாப்பிட்ட பிறகு எண்ணினால் கூடுமா என்ன. இதே போக்கில் போனால் விற்கிறதற்குள் இன்னும் இரண்டு மூட்டை காணாமல் போகும், அறுபது ரூபாய் இருபதுக்கு வந்து நிற்கும். ஒரு கோழியை மூன்று மாதம் வளர்த்து, சளி பிடித்தால் தொண்டைக்குள் மருந்து விட்டு, ஆடிக் காற்றுக்குப் படுதா கட்டி, கடைசியில் இருபது ரூபாய். பொழுதோடு பொரிப்பகத்துக்காரர் கூப்பிடுவார், தீபாவளிக்கு விற்கிற மாதிரி அடுத்த குஞ்சு வேண்டுமென்றால் இன்றைக்குச் சொல்லியாக வேண்டும், எத்தனை என்று கேட்பார். எத்தனை. வேண்டாம் என்றும் சொல்லலாம். மில்லு இருக்கிறது, மட்டை இருக்கிறது, யாரும் கணக்குக் கேட்காத வேலை.

எலியாக இருக்குமோ என்று நேற்றே பார்த்துவிட்டாள், மூட்டைகள் பலகை மேல் நிற்கின்றன, கடித்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. குருவியா என்றால் கம்பிவலையில் குருவி நுழைகிற அளவுக்கு இடமில்லை. மூட்டையில் எடை குறைந்து வருகிறதா என்று ரேஷன் கடைத் தராசில் ஒன்றைப் போட்டுப் பார்த்ததில் அது சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றாக இப்படித் தட்டிவிட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பது ஒரு மனுஷி, அந்த இடம் வந்ததும் சம்பூர்ணத்தின் எண்ணம் கால் இடறின மாதிரி நின்றுவிடும், திரும்ப எலியிலிருந்து ஆரம்பிக்கும். கொட்டகைச் சாவி இரண்டு. ஒன்று அவளிடம், இன்னொன்று மயிலாத்தாளிடம். மயிலாத்தாள் அவள் வீட்டுக்காரர் திருமூர்த்தியின் அண்ணன் பெண்டாட்டி, அண்ணன் போய்ச்சேர்ந்து வருஷம் ஆயிற்று, பிள்ளை குட்டி இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் ஒற்றையறை வீடு. சம்பூர்ணம் விடிகாலையில் மில்லுக்குக் கிளம்பிவிடுவதால் தினமும் காலையில் தீவனம் போடுவது அக்காதான். அக்காவுக்கும் கோழி உண்டு, ஏழெட்டு, வாசலில் மேய்கிறவை. நேற்றுச் சாயங்காலம் அதில் ஒன்று வேலிமேல் ஏறி நின்றது. மார்பு இப்படிப் புடைத்து, இறகு எண்ணெய் தடவினாற்போல மின்னிக்கொண்டு. அதைப் பார்த்த நிமிஷத்தில்தான் அந்த நினைப்பு வந்தது, வந்ததோடு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், யாரோ சத்தமாகச் சொல்லிவிட்ட மாதிரி. வீட்டுக்காரரிடம் மட்டும் ஜாடையாகக் கேட்டாள். மில்லில் பகல் ஷிப்ட் முடித்துவந்து படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே, அண்ணியை இதற்குள் இழுக்காதே, கோழியே வேண்டாமென்றால் விற்றுத் தலைமுழுகு என்றார். அதற்கப்புறம் அவர் தூங்கிவிட்டார், அவளுக்குத்தான் தூக்கம் போயிற்று.

குற்றம் சொல்லவே வேண்டியதில்லை, சாவியை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும் என்று ஒரு யோசனை. சாவியை இனி நானே வைத்துக்கொள்கிறேன் அக்கா. இல்லை, அது கறாராக இருக்கிறது. உங்களுக்கு எதற்குச் சிரமம் அக்கா, காலையில் நானே போட்டுவிட்டுப் போகிறேன். அதுவும் ஆகாது, மில்லு வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று அக்காவுக்குத் தெரியாதா. ஒரு சாவி தொலைந்துவிட்டது, உங்களுடையதைக் கொடுங்கள். பொய். எப்படிச் சொன்னாலும் அக்கா ஒன்றும் கேட்கமாட்டாள், இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவாள், கொடுக்கும்போது கண்ணைப் பார்க்கமாட்டாள், மறுநாளிலிருந்து வேலிக்கு இந்தப் பக்கம் வரமாட்டாள். அந்த வாக்கியத்தின் எடை எவ்வளவு? எத்தனை மூட்டைக்குச் சமம்? கர்ப்பப்பையை எடுத்தபோது சம்பூர்ணம் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள், மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருக்கையில் தான் செத்துவிட்டதாகவே நினைத்தாள், விளக்கு வெள்ளையாக எரிந்தது, காலே இல்லை, அப்போது யாரோ உள்ளங்காலைத் தேய்த்தார்கள், சுரசுரவென்று காய்ப்பு ஏறின கை, அந்தக் கை தேய்க்கத் தேய்க்கத்தான் கால் திரும்பி வந்தது. அது அக்காவின் கை. வீட்டுக்கு வந்த பிறகும் எதிரில் உட்கார்ந்து, கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டு ரசம் ஊற்றினாள். அப்படிப்பட்டவள் எடுப்பாளா? எடுத்தால்தான் என்ன? ஆனால் எடுத்தாளா என்பது தெரிய வேண்டும். கோபத்தைவிட அது பெரிதாக இருந்தது, இந்தத் தெரிந்துகொள்கிற ஆசை, சின்ன வயசில் சுவர்க்கடிகாரத்தின் பின்பக்கத்தைத் திறந்துபார்த்து அப்பாவிடம் அடிவாங்கின அதே ஆசை. அதனால்தான் சாப்பிட்ட கையோடு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். தீவனம் எங்கே போகிறதென்று தீவனத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன.

உட்கார்ந்த புதிதில் கோழிகள் அவளைச் சுற்றி நின்றன, பிறகு மறந்துவிட்டன. அவளும் தன்னை மறந்துவிட்டு, பக்கத்தில் தொங்குகிற தீவனத் தட்டு ஒன்றை மட்டும் பார்த்தாள். ஒரு சாம்பல் பெட்டை வந்தது. நேராகக் கொத்தவில்லை. தலையைச் சாய்த்துத் தேர்ந்தது, ஜவுளிக்கடையில் சேலை எடுக்கிற மாதிரி. மக்காச்சோள நொறுக்கு ஒன்றைக் கண்டுபிடித்தது, அதை எடுப்பதற்காக அலகை இடப்பக்கம் ஒரு வீசு, வலப்பக்கம் ஒரு வீசு. மாவு பறந்தது. நொறுக்கை விழுங்கிற்று. மறுபடியும் தேர்ந்தது, வீசிற்று. சம்பூர்ணம் தன்னையறியாமல் முன்னால் குனிந்தாள். மாவு எங்கே விழுந்தது? தெரியவில்லை. விழுந்ததைப் பார்த்தாள், விழுந்த இடத்தைப் பார்த்தாள், அங்கே ஒன்றுமில்லை. கீழே பரப்பியிருப்பது மில்லிலிருந்து அவளே சாக்கில் அள்ளிவந்த நார்த்தூள், பழுப்பு. தீவனமும் பழுப்பு. தண்ணீரில் தண்ணீர் விழுந்த மாதிரி இருந்தது. இப்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது, இத்தனை நாள் தினமும் பார்த்தும் படாதது. தட்டின் விளிம்பு கோழியின் கால்முட்டி உயரத்தில் இருந்தது. குஞ்சு இறக்கின அன்றைக்குத் திருமூர்த்தி கயிறு கட்டினார், அப்போது அது குஞ்சுகளுக்கு எட்டுகிற உயரம், கோழிகள் வளர்ந்துவிட்டன, கயிறு அப்படியே இருக்கிறது. அவை தின்னக் குனிகின்றன, குனிந்து கிளறுகின்றன, ஒன்று காலையே தூக்கித் தட்டுக்குள் வைத்துச் சீய்க்கிறது. பயிற்சியில் இதைப் பற்றி என்னவோ சொன்னார்களே. முதுகு மட்டம். ஆமாம், தட்டு முதுகு மட்டத்துக்கு இருக்க வேண்டும், கோழி வளர வளர ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லும்போதுதான் டீ வந்தது, டம்ளர்கள் கைமாறின, பக்கத்திலிருந்தவள் சர்க்கரை பற்றி ஏதோ கேட்டாள், அந்த வாக்கியத்தின் பாதி டீயோடு போய்விட்டது.

எழுந்து தட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். நார்த்தூள்தான் வந்தது. மோந்து பார்த்தாள், எச்ச வாடை, கொஞ்சம் மாவு வாடை, அல்லது மாவு வாடையை அவளே விரும்பி வரவழைத்துக்கொள்கிறாளோ. கண்ணால் பிரிக்க முடியாததை எப்படிப் பிரிப்பது? மாவு சலிக்கிற சல்லடை ஆகாது, இரண்டும் ஒரே பொடி. அப்போது மில்லின் தொட்டி ஞாபகம் வந்தது. மழை பெய்தால் தொட்டி நிறைய நார்த்தூள் மிதக்கும், வாரிவிட வாரிவிட மிதக்கும், என்ன செய்தாலும் ஊறுகிற வரைக்கும் முழுகாது. மக்காச்சோளம் முழுகும். அவள் கிட்டத்தட்ட ஓடினாள். துணி ஊறப்போடுகிற இரண்டு பேசினில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வைத்தாள். கோழி போகாத மூலையிலிருந்து இரண்டு கை அள்ளி ஒன்றில் போட்டாள், கலக்கினாள், காத்திருந்தாள். எல்லாம் மிதந்தது. கையால் ஒதுக்கிப் பார்த்தால் அடியில் பேசினின் நீலம் மட்டும். தட்டுக்கு அடியிலிருந்து இரண்டு கை அள்ளி மற்றதில் போட்டாள். கலக்கினாள், ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் திரும்பவும் அந்த ஒரே ஆளிடம்தான் போய் நிற்க வேண்டும். மேலே மிதந்ததை வாரி வெளியே போட்டாள். தண்ணீர் மெதுவாகத் தெளிந்தது. அடியில் மஞ்சளாக, வெள்ளையாக, சோளமும் சோயாவும் தவிடுமாக, இரண்டு கையில் ஒரு கை அளவுக்குத் தீவனம் படிந்திருந்தது. அடுத்த தட்டுக்கு அடியில் பார்த்தாள், அங்கேயும் இருந்தது. ஆழமாகத் தோண்டினாள், ஆழத்திலும் இருந்தது, பூஞ்சை பிடித்துக் கட்டிகட்டியாக. ஒவ்வொரு தட்டுக்கு அடியிலும், அவள் மிதித்து நடந்த, உட்கார்ந்து வருத்தப்பட்ட தரையில், நாலு மூட்டையும் இந்தக் கொட்டகையை விட்டு எங்கேயும் போகாமல் கிடந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது, இரண்டில் எது முந்தியது என்று தெரியவில்லை.

நனைந்த கையோடு கயிறுகளை அவிழ்த்து ஒவ்வொரு தட்டாக ஏற்றிக் கட்டிக்கொண்டிருக்கையில் கதவு திறந்தது. மயிலாத்தாள் நின்றாள். அவள் பார்வை பேசின்கள் மேல் போகவில்லை, சம்பூர்ணத்தின் முகத்தின் மேலும் போகவில்லை, பலகை மேல் இருந்த மூட்டைகளின் மேல் போயிற்று. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

“அம்மிணி, இத இனிமே நீயே வெச்சுக்க.”

ஏன் என்று சம்பூர்ணம் கேட்டாள்.

“மூட்டை வேகமாக் கொறையுது. நானும் தெனமும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். காலைல நீ எண்ணறதையும் பாத்தேன். நாளைக்கு ஒரு பேச்சு வந்துருச்சுன்னா அப்பறம் உம்பட மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?”

ஆக இவளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி ஆறு ஆறு என்று புரண்டுகொண்டிருந்தபோது அந்தப் பக்கமும் ஒருத்தி ஆறு ஆறு என்று புரண்டுகொண்டிருந்திருக்கிறாள், இருவருக்கும் நடுவில் திருமூர்த்தி மட்டும் குறட்டை விட்டிருக்கிறார். எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்த அந்த வாக்கியத்தை அக்காவே சொல்லிவிட்டாள், அதுவும் எத்தனை சுலபமாக. சம்பூர்ணம் சாவியை வாங்கவில்லை. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துவந்து பேசின் முன்னால் உட்காரவைத்தாள். அடியில் கிடந்ததைக் காட்டினாள், தட்டைக் காட்டினாள், கயிற்றைக் காட்டினாள், சாம்பல் பெட்டை எப்படி வீசியது என்று தன் தலையையே ஆட்டிக் காட்டினாள். அக்கா தண்ணீருக்குள் விரலை விட்டு அந்த மஞ்சளைத் தொட்டுப் பார்த்தாள், தேய்த்துப் பார்த்தாள். தான் தட்டு வழிய வழியக் கொட்டுவதும் இதற்குக் காரணம்தான் என்றாள், தட்டு காலியாகக் கிடந்தால் தன்னால் பார்க்க முடிவதில்லை, ஒரு சீவன் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிப் போகலாமா என்றாள். இனிமேல் தட்டில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் போட்டால் போதும் என்று சம்பூர்ணம் சொன்னாள், வேண்டுமானால் இரண்டு தடவையாகப் போடலாம். அக்கா தலையாட்டினாள், ஆனால் எழுந்திருக்கவில்லை, சாவியை முந்தானையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

“இன்னொண்ணு சொல்லோணும். எங்கோழிக வேலியோரமா வந்து நின்னு கத்துமல்ல, அப்ப ஒரு கை அள்ளிப் போட்டுருவேன். தெனமும் போடுவேன். அதையும் கணக்குல சேத்துக்க.”

சம்பூர்ணத்தின் மனசு உடனே கணக்குப் போட்டுவிட்டது, அதை அவளால் தடுக்க முடியவில்லை, மனசு மில்லு இயந்திரம் மாதிரி, எதைத் தள்ளினாலும் அரைக்கும். ஒரு கை என்றால் ஐம்பது கிராம், இரண்டு மாதத்துக்கு மூன்று கிலோ, நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. சரி, சேர்த்தாயிற்று. எதில் சேர்ப்பது? குஞ்சு நாற்பது, தீவனம் நூற்று நாற்பத்து நாலு, மருந்து, தடுப்பூசி, கரண்டு. அவள் முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஓட்டினாள். நார்த்தூள்கூட அந்த வரிசையில் இருந்தது, இனாம் என்று ஒரு இடம் கொடுத்துவைத்திருந்தாள். விடிந்தும் விடியாமலும் தினமும் வந்து கதவு திறந்து, பன்னிரண்டு தட்டு நிரப்பி, தண்ணீர் மாற்றி, செத்ததை எடுத்துப் புதைத்து, நோஞ்சானைத் தனியாக விட்டவளுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. பூஜ்யம் என்றுகூட ஒரு இடம் இல்லை. யார் யாருடைய தீவனத்தை எடுத்தது என்று நேற்றிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு நான் கூலியே போடவில்லை அக்கா என்று சொன்னாள். எனக்கு எதற்குக் கூலி என்று அக்கா பேசினைத் தூக்கி ஓரமாகத் தண்ணீரை வடித்தாள், அடியில் இருந்ததை வீணாக்காமல் ஒரு தட்டில் வழித்துப் போட்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது. பொரிப்பகத்துக்காரர். தீபாவளிக்கு எல்லாரும் கேட்கிறார்கள், நூறா இருநூறா, போன தடவை மாதிரி முந்நூறா, ஒரு எண்ணைச் சொன்னால் எழுதிக்கொள்வேன் என்றார். அறுபது ரூபாய் இல்லை இனி, அக்காவுக்கு ஒரு பங்கு போட்டால் முப்பதோ என்னவோ, ஆனால் தட்டு ஏறிவிட்டது, இனி நாலு மூட்டை தரைக்குப் போகாது, ஆக மீண்டும் முதலிலிருந்து, எல்லாம் புதிதாக, அவளுக்கு அந்தப் புதுக்கணக்கை உடனே போட்டுப் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. போடவில்லை.

“எங்க அக்காகிட்டக் கேட்டுச் சொல்றேனுங்க,” என்றாள்.

வைத்துவிட்டு, பேசினைக் கவிழ்த்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள். “இந்தத் தடவ ரெண்டு பேரும் சேந்துதானுங்க்கா. வர்றதுல பாதிப் பாதி. எத்தன சொல்லட்டும்?”

மயிலாத்தாள் நிமிர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பன், பிறகு புருஷன், அதன் பிறகு கொழுந்தன் என்று மற்றவர்கள் சொன்ன எண்ணிக்கைக்குத்தான் அவள் இத்தனை காலமும் வடித்துக் கொட்டியிருக்கிறாள், எத்தனை என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தாள். தட்டுகளைப் பார்த்தாள், தண்ணீர்க் குடுவைகளைப் பார்த்தாள், வேலிக்கு அந்தப் பக்கம் சும்மா கிடக்கிற தன் மாட்டுக்கொட்டகையை வலைக்குள்ளாகவே எட்டிப் பார்த்தாள். கண்கள் சுருங்கின. பிறகு அவள் உதடுகள், சத்தமில்லாமல், அசைய ஆரம்பித்தன.